கூட்டாளி சொன்ன சொல்: லத்தீன் முதுமொழிகளும் தென்காசிச் சதியும்

1910-ல் தென்காசியில் சிலர் ரகசியமாகக் கூடினார்கள். காளியின் படத்தை வைத்துப் பூசை செய்தார்கள். குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளையரின் ரத்தமாகப் பாவித்துக் குடித்தார்கள். விரலைக் கீறி, வந்த ரத்தத்தால் கையொப்பமிட்டார்கள். பாரத மாதா சங்கத்தைப் பற்றி எழுதுகிற எவரும் இந்தக் காட்சியை விடுவதில்லை. மேடைகளிலும் பள்ளி விழாக்களிலும் அது ஒரு நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வருகிறது.

இது நமக்கு எந்த வழியாக வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ரகசியச் சங்கம் நடவடிக்கைக் குறிப்பேடு வைத்துக்கொள்வதில்லை. நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, 1911-லும் 1912-லும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த திருநெல்வேலிச் சதி வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகள் கூறியது. அவர்களில் முக்கியமானவர்கள் அதே சங்கத்தில் சேர்ந்து, பிறகு மன்னிப்புப் பெற்று அப்ரூவர் ஆனவர்கள். ஆக, அந்த வழக்கில் நீதிபதிகளை வாட்டிய கேள்வி சரித்திரம் எழுதுகிறவரையும் வாட்ட வேண்டிய கேள்வி: குற்றத்தில் தானும் பங்குகொண்டதாகச் சொல்கிறவனின் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பியச் சட்ட மரபு லத்தீனில் ஒரு பதில் வைத்திருந்தது. நெமோ அல்லெகான்ஸ் சுவாம் டுர்பிடூடினெம் எஸ்ட் ஆடியெண்டுஸ். தன் இழிசெயலைத் தானே எடுத்துச் சொல்லி வழக்காட வருகிறவனுக்கு நீதிமன்றம் செவிகொடுக்கக் கூடாது என்பது இதன் கருத்து. 1786-ல் வால்டன் எதிர் ஷெல்லி என்ற வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு இதைக் கொண்டே ஒரு சாட்சியின் வாயை அடைத்தார்: ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டவன், அந்தப் பத்திரம் செல்லாது என்று பிறகு சாட்சி சொல்ல வரக் கூடாது என்றார். 12 ஆண்டு கழித்து ஜோர்டெய்ன் எதிர் லாஷ்புரூக் வழக்கில் கென்யன் பிரபு அதை ஏற்க மறுத்தார். அப்படிப்பட்டவனும் வந்து சொல்லட்டும், நம்புவதும் நம்பாததும் கேட்கிறவர் பொறுப்பு என்ற நிலை இங்கிலாந்தில் உறுதிப்பட்டது. செவியை மூடு என்ற கட்டளை, கேட்டபின் எச்சரிக்கையாக இரு என்ற அறிவுரையாகத் தளர்ந்தது. லத்தீன் முதுமொழிகள் ஆங்கிலச் சட்டத்துக்குள் வரும்போது பெரும்பாலும் இவ்விதமே நடந்திருக்கிறது. சொற்கள் அப்படியே இருக்க, அவற்றின் பிடி மாறிவிடும்.

1845-ல் ஹெர்பர்ட் புரூம் இத்தகைய முதுமொழிகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில விளக்கமும் வழக்குகளும் சேர்த்து நூலாக்கினார். வக்கீல்களின் மேசையில் அது நெடுங்காலம் இருந்தது. சென்னையில் ஜான் புரூஸ் நார்ட்டன் 1850-களின் பிற்பகுதியில் மாநிலக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றி, அவற்றைக் கம்பெனியின் நீதிமன்றங்களுக்கான நூலாக வெளியிட்டார். இந்தச் சட்ட அறிவைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் நம்மிடையே இருந்தார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரில் 1860-களின் தொடக்கத்தில் அச்சேற்றினார். ஆங்கிலம் அறியாத கட்சிக்காரனுக்கும் தன்மேல் பாயும் சட்டம் புரிய வேண்டும் என்று ஒரு முன்சீப்பு நினைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தியாவுக்கென்று ஒரு சாட்சியச் சட்டம் வேண்டும் என்ற முயற்சியில் ஹென்றி மெய்ன் 1868-ல் தயாரித்த வரைவு, இந்த நாட்டுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்டது. அவருக்குப் பின் சட்ட உறுப்பினராக வந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் புதிதாக எழுதினார். 167 பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்டீஃபனுக்கு லத்தீன் சொற்றொடர்களிடம் பொறுமை கிடையாது. ‘ரெஸ் ஜெஸ்டே’ என்று வக்கீல்கள் மந்திரம்போல் உச்சரித்ததை, ‘ஒரே நிகழ்ச்சியின் பகுதியாக அமைந்த செய்திகள்’ என்று 6-ம் பிரிவில் விரித்தெழுதி, ஒருவன் அடிபடும்போது பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதையும் செய்ததையும் உதாரணத்தில் வைத்தார். வழக்குக்கு உதவாததை நிரூபிப்பது வீண் என்ற முதுமொழி 5-ம் பிரிவாயிற்று: எழுவினாவுக்குரிய செய்திகளுக்கும் அவற்றோடு தொடர்புடைய செய்திகளுக்கும் சாட்சியம் தரலாம், வேறு எதற்கும் கூடாது. எது தொடர்புடையது என்பதைக் காரண காரியத் தொடர்பு கொண்டு விளக்க முயன்றார். பம்பாய் சிவில் சர்வீசைச் சேர்ந்த ஜி.சி. விட்வொர்த் 1875-ல் ஒரு சிறு நூல் எழுதி அந்த விளக்கத்தின் ஓட்டைகளைக் காட்டியபோது, ஸ்டீஃபன் அதை ஒப்புக்கொண்டு தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்.

கூட்டாளியின் சாட்சியத்தை அவர் இரண்டு இடங்களில் வைத்தார். 133-ம் பிரிவின்படி கூட்டாளி சாட்சி சொல்லத் தகுதியுடையவன். துணைச்சான்று இல்லாத அவன் சொல்லை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அந்தத் தண்டனை அந்தக் காரணத்துக்காகவே சட்டவிரோதமாகிவிடாது. 114-ம் பிரிவின் இரண்டாவது உதாரணமோ, முக்கியமான விவரங்களில் துணைச்சான்று கிடைக்காதவரை கூட்டாளி நம்பத்தகாதவன் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. ஒன்று விதி, மற்றது எச்சரிக்கை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் அன்றிலிருந்து சொல்லி வருகின்றன. ஆனால் மான்ஸ்ஃபீல்டுக்கும் கென்யனுக்கும் நடுவில் இருந்த பிணக்கு தீரவில்லை என்பதற்கு, ஒரே சட்டத்துக்குள் 19 பிரிவுகள் தள்ளி உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு வாசகங்களே சாட்சி.

இந்தச் சட்டத்தை முழுக்க முழுக்க லத்தீனின் ஆங்கில வடிவம் என்று சொல்வது தவறு. 10-ம் பிரிவைப் பார்க்க வேண்டும். ‘ரெஸ் இன்டர் அலியோஸ் ஆக்டா’ என்று தொடங்கும் பழைய முதுமொழி, பிறர் தமக்குள் செய்துகொண்டது அதில் சேராத ஒருவனுக்குக் கேடாகக் கூடாது என்கிறது. ஆங்கிலச் சட்டம் சதி வழக்கில் இதற்கு ஒரு விலக்கு வைத்திருந்தது: பொது நோக்கத்தை நிறைவேற்றுவதற்காகச் சதிகாரரில் ஒருவர் செய்ததையும் சொன்னதையும் மற்றவர்மேலும் வைக்கலாம். ஸ்டீஃபனின் 10-ம் பிரிவு அதைவிட அகலமானது. பொது நோக்கத்தைக் ‘குறித்து’ ஒருவர் சொன்னது, செய்தது, எழுதியது அனைத்தும் மற்ற எல்லோர் மேலும் பாயும். அங்கே அவர் தந்த உதாரணம் அரசிக்கு எதிராகப் போர் தொடுக்கும் சதி. ஒருவன் ஐரோப்பாவில் ஆயுதம் வாங்குகிறான், ஒருவன் கல்கத்தாவில் பணம் திரட்டுகிறான், ஒருவன் பம்பாயில் ஆள் சேர்க்கிறான், ஒருவன் ஆக்ராவில் துண்டறிக்கை வெளியிடுகிறான், ஒருவன் டில்லியிலிருந்து காபூலுக்குப் பணம் அனுப்புகிறான். ரோமாபுரியில் இதற்கு வேர் தேடிப் பயனில்லை. 1857-ன் நினைவும், அதன் பின்வந்த வஹாபி வழக்குகளின் கலக்கமும் இந்த வரிகளில் இருக்கின்றன. முதுமொழியை ஆங்கிலப்படுத்திய அதே கை, ஆள்கிறவர்களின் அச்சத்தையும் அந்த ஆங்கிலத்துக்குள் வைத்தது.

இந்தச் சட்டத்தோடு தென்காசிச் சதிக்குத் திரும்புவோம். குற்றாலத்திலிருந்து செங்கோட்டைக்குப் போகிறவர் இன்று எந்த எல்லையையும் கடப்பதில்லை. இரண்டும் 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. 1911-ல் குற்றாலமும் தென்காசியும் பிரிட்டிஷ் ஆட்சியின் திருநெல்வேலி மாவட்டம், செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல்தான் அது இந்தப் பக்கம் சேர்ந்தது. பாரத மாதா சங்கத்தைச் சேர்ந்த செங்கோட்டை வாஞ்சிநாதன் புனலூரில் திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில், கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்த திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை ரயில் பெட்டிக்குள் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் சட்டைப் பையிலிருந்த கடிதம், ஐந்தாம் ஜார்ஜைக் கொல்ல மூவாயிரம் பேர் உறுதி எடுத்திருப்பதாகச் சொன்னது.

கொன்றவர் இறந்துவிட்டார். ஆகவே அரசு சதியைத் தேடியது. 14 பேர் மேல் வழக்கு நடந்தது. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. கொலை நடந்த நாளில் அவர் வட இந்தியாவில் இருந்தார். 1908-ம் ஆண்டுச் சட்டத்தின்படி ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள்: தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட், ஐலிங், சங்கரன் நாயர். எதிரிகளுக்காக வாதாடியவர்களில் பாரிஸ்டர் ஜே.சி. ஆடமும், பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமரான டி. பிரகாசமும் உண்டு. திருநெல்வேலித் தமிழில் பேசப்பட்ட உறுதிமொழிகளும் ரகசியங்களும் ஆங்கிலமாகி நீதிபதிகளிடம் போயின; அந்த ஆங்கிலத்தை அவர்கள் ஸ்டீஃபனின் ஆங்கிலத்தோடு வைத்துப் பார்த்தார்கள்.

அங்கே எதிர்ப்பட்ட இடர்ப்பாடு புதியதன்று. 1837-ல் ஃபார்லர் வழக்கில் அபிங்கர் பிரபு அதைத் தெளிவாக எடுத்துக் காட்டியிருந்தார். குற்றத்தில் பங்குகொண்டவனுக்கு நடந்தது எல்லாம் தெரியும். எந்த வீடு, எந்தப் படம், எந்த நேரம் என்று அவன் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும். உண்மையான கதைக்குள் ஒரு பெயரை மட்டும் மாற்றி வைக்க அவனால் முடியும். தன்னைக் காத்துக்கொள்ள அவனுக்குக் காரணமும் உண்டு. எனவே கதை உண்மை என்று காட்டுகிற சான்று போதாது. இந்த ஆளைக் குற்றத்தோடு பிணைக்கிற சான்று வேண்டும். தென்காசியில் கூட்டம் நடந்தது என்பதை நூறு பேர் உறுதி செய்யலாம். கூட்டத்தில் இன்னார் இருந்தார் என்பதை அப்ரூவரைத் தவிர வேறு யாராவது சொல்கிறார்களா? சிறைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் இந்தக் கேள்வியின் விடையில் இருந்தது.

1912 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பு வந்தது. அரசுக்கு எதிரான சதிக்காக ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள். நீலகண்டருக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவல். ஐந்து பேர் விடுதலை ஆனார்கள்.

வழக்கு அத்தோடு முடியவில்லை. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான முத்துக்குமாரசாமிப் பிள்ளையின் பெயரால் அது ஐந்து நீதிபதிகள் முன்னால் போயிற்று. சட்ட அறிக்கைகளில் இது முத்துக்குமாரசாமிப் பிள்ளை எதிர் பேரரசர் என்று வழங்குகிறது. சென்னைத் தொடரின் 35-ம் தொகுதியில் இருக்கிறது. அங்கே எழுந்த வினா சிறியதுபோல் தோன்றி ஆழமாய் இறங்குவது. அப்ரூவர் நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொல்வதற்கு முன்பே அதே கதையை ஒருமுறை சொல்லியிருக்கிறான். சாட்சியின் முந்தைய வாக்குமூலத்தை, அவன் இப்போது சொல்வதற்குத் துணையாகக் காட்டலாம் என்று 157-ம் பிரிவு அனுமதிக்கிறது: சம்பவம் நடந்த சமயத்தை ஒட்டிச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அதை விசாரிக்கச் சட்டப்படி அதிகாரமுள்ளவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் அப்ரூவரின் முந்தைய சொல், அப்ரூவரின் இன்றைய சொல்லுக்குத் துணைச்சான்று ஆகுமா? சந்தேகத்துக்குரிய ஒருவன் ஒரே கதையை இரண்டு முறை சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடுமா?

பென்சன், வாலிஸ், மில்லர் ஆகிய மூவர் தண்டனையில் கைவைக்கவில்லை. அப்துர் ரஹீமும் சுந்தர ஐயரும் மாறுபட்டார்கள். அந்த மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்துர் ரஹீம் இஸ்லாமியச் சட்டக் கோட்பாட்டைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர்; சாட்சியின் நேர்மையை எடைபோடுவதில் மிகக் கண்டிப்பான ஒரு மரபில் ஊறியவர். பி.ஆர். சுந்தர ஐயர் ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ இதழை வளர்த்தவர்களில் ஒருவர். தண்டனையை ஏற்ற மூவரும் ஆங்கிலேயர், மறுத்த இருவரும் இந்தியர் என்பதைக் கொண்டு மட்டும் இதை முடித்துவிடுவது எளிது. எனக்கு அது போதவில்லை. பிரிவு 157-ன் எழுத்து பெரும்பான்மையின் பக்கம் சாய்கிறது என்பதையும் மறுக்க முடியாது. அதில் கூட்டாளிக்கு விலக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் பிரிவு 114 ‘துணைச்சான்று’ என்று சொல்லும்போது அதன் உயிர் எங்கே இருக்கிறது? சந்தேகம் ஆளைப் பற்றியது என்றால், அதே ஆளின் வாயிலிருந்து வருகிற எதுவும் அந்தச் சந்தேகத்துக்கு உட்பட்டதே. நான்கு ஆண்டு கழித்து, 1916-ல், இங்கிலாந்தில் பாஸ்கர்வில் வழக்கில் ரெடிங் பிரபு சொன்னதும் இதைத்தான்: துணைச்சான்று என்பது கூட்டாளியைச் சாராத தனிச் சான்றாக இருக்க வேண்டும், எதிரியைக் குற்றத்தோடு தொடர்புபடுத்துவதாக இருக்க வேண்டும்.

தமிழ் மரபிலும் இதற்கு வெளிச்சம் உண்டு. பெரிய புராணத்தில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முன்னால் சுந்தரரின் வழக்கு நடக்கும்போது மூன்று வகைச் சான்றுகள் பேசப்படுகின்றன: வழக்கமாக நடந்துவரும் ஆட்சி, எழுதிய ஆவணம், அயலார் காட்சி. படி ஓலை கிழிக்கப்பட்டபின் மூல ஓலை காட்டப்படுகிறது. சுந்தரருடைய பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். லத்தீன் அறியாத ஒரு சபை, மூல ஆவணமே சிறந்த சான்று என்பதையும் கையெழுத்து ஒப்பீட்டையும் 12-ம் நூற்றாண்டுக் காவியத்தில் கையாள்கிறது. இங்கே என் கவனம் மூன்றாவதில் நிற்கிறது. சாட்சி ‘அயலார்’ ஆக இருக்க வேண்டும். விஷயத்தில் தனக்கென்று ஒரு பங்கு இல்லாதவர் சொல்வதே காட்சி. சுந்தர ஐயரும் அப்துர் ரஹீமும் கையில் எடுத்த ஐயத்துக்கு இந்த மண்ணில் வேர் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் முதுமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தது. ஒன்றில் பொய்யன் எல்லாவற்றிலும் பொய்யன் என்ற முதுமொழி இங்கே சட்ட விதி ஆகாது என்று 1957-ல் நிசார் அலி வழக்கில் சொன்னது. ஒற்றைச் சாட்சி சாட்சியே இல்லை என்ற ரோம மரபையும் அதே ஆண்டு, தஞ்சை மாவட்டம் முத்துப்பேட்டையில் ஒரு டீக்கடையில் நடந்த கொலையை ஒட்டிய வடிவேலுத் தேவர் வழக்கில் ஒதுக்கியது. கணவன் கொலையானதைக் கண்ட மனைவியின் சொல்லே போதும் என்றது. சாட்சிகளை எண்ணக் கூடாது, எடைபோட வேண்டும். சர்வன் சிங் வழக்கு, அதுவும் 1957, அப்ரூவருக்கு இரட்டைச் சோதனை வைத்தது: முதலில் அவன் நம்பத்தக்க சாட்சியாகத் தெரிய வேண்டும், பிறகு போதிய துணைச்சான்று வேண்டும்.

தென்காசி வழக்கின் கேள்விக்கு மிக நெருங்கி வந்தது 1952-ன் ராமேஸ்வர் எதிர் ராஜஸ்தான். விவியன் போஸ் அதில் 157-ம் பிரிவை உள்ளது உள்ளபடியே படித்தார். முந்தைய சொல்லைத் துணைச்சான்றாக ஏற்பதற்குச் சட்டத்தில் தடையில்லை; ஆனால் களங்கப்பட்ட ஒரே ஊற்றிலிருந்து வரும் இரண்டு வாக்குமூலங்களுக்குச் சில வழக்குகளில் எடை குறைவாகவே இருக்கும் என்றார். ஏற்பது வேறு, எடை வேறு. இந்தப் பிரிப்பு அந்தக் காலத்தில் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஏனென்றால் துணைச்சான்று தேவை என்பது சட்டத்தின் கட்டாயமாக இருக்கவில்லை. நீதிபதியின் விவேகம் விதித்த ஒன்று. அந்த விவேகத்துக்குத் துணைச்சான்றின் தரத்தையும் பார்க்கத் தெரியும்.

2024 ஜூலை 1 முதல் நிலைமை மாறியிருக்கிறது. 1872-ன் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. பழைய 133-ம் பிரிவு இப்போது 138. வாசகம் ஏறத்தாழ அதுவே, ஒரு சொல்லைத் தவிர. கூட்டாளியின் ‘துணைச்சான்று இல்லாத’ சாட்சியத்தைக் கொண்டு தண்டித்தால் சட்டவிரோதம் இல்லை என்று பழையது சொன்னது. புதியது ‘துணைச்சான்று உள்ள’ சாட்சியத்தைக் கொண்டு தண்டித்தால் சட்டவிரோதம் இல்லை என்கிறது. 119-ம் பிரிவில் பழைய எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. விதிக்கும் எச்சரிக்கைக்கும் இருந்த நெடுநாள் பிணக்கை இந்த மாற்றம் ஓரளவு தீர்த்துவைக்கிறது என்று பலர் வரவேற்கக் கூடும். நானும் திசையை வரவேற்கிறேன்.

ஆனால் 157-ம் பிரிவு 160 என்ற எண்ணோடு மாறாமல் உட்கார்ந்திருக்கிறது. துணைச்சான்று இப்போது விவேகத்தின் எல்லையைத் தாண்டிப் பிரிவின் எழுத்துக்குள் வந்துவிட்டது. எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்ல முடியும். மன்னிப்புக் கேட்டு வந்தவன் மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலத்தை 160-ம் பிரிவின் வழியே கொண்டுவந்து, இதோ துணைச்சான்று, 138-ம் பிரிவு நிறைவேறிவிட்டது என்று அரசு வக்கீல் ஒருவர் சொன்னால் என்ன பதில்? போஸின் தீர்ப்பிலிருந்து அவருக்குப் பாதி ஆதரவும் கிடைக்கும். மற்ற பாதியை அவர் படிக்காமல் விடலாம். காப்பாற்றுவதற்காகச் சேர்த்த சொல்லே, நீதிபதி முன்பு செய்துவந்த எடைபோடும் வேலையைச் சடங்காக்கிவிடக் கூடிய நிலை இது. துணைச்சான்று ‘கூட்டாளியைச் சாராத தனிச் சான்றாக’ இருக்க வேண்டும் என்ற சிறு தொடரைப் பிரிவுக்குள் சேர்த்திருந்தால் இந்தச் சந்து இருந்திருக்காது. பாராளுமன்றம் சேர்க்காததை இனி நீதிமன்றங்கள்தான் தீர்ப்பால் சேர்க்க வேண்டும். அதற்கு வேண்டிய வாதத்தைத் தென்காசிச் சதியில் சிக்கியவர்களுக்காக இரண்டு நீதிபதிகள் 1912-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சிறுபான்மைத் தீர்ப்பு என்பதால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. படிப்பதற்குத் தடை ஏதுமில்லை, சென்னைத் தொடர், 35-ம் தொகுதி, 397-ம் பக்கத்திலிருந்து தொடங்குகிறது.